முட்டைக்குள் என்ன இருக்கிறது? நம் வீட்டில் அதை யார் சாப்பிடுகிறார்கள்?

(தோட்ட மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் வழமையாகச் சம்பளம், கொழுந்துத் தராசு, சேமலாப நிதி பற்றித்தான் பேசுவோம். இன்று முட்டையைப் பற்றிப் பேசும்படி மாதர் சங்கத் தலைவி கேட்டிருக்கிறார். சங்கக் கூட்டத்தில் முட்டைக்கு என்ன வேலை என்று சிலர் சிரிக்கிறீர்கள். பேசி முடிக்கும்போது அதற்கும் பதில் சொல்கிறேன்.

"முட்டையில் புரதம் இருக்கிறது, சாப்பிடுங்கள்" என்று கிளினிக்கில் மருத்துவிச்சி சொல்கிறார். பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஏன் இருக்கிறது என்று யாரும் நின்று சொல்வதில்லை. காரணம் தெரியாத புத்திமதியை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவோம். அதனால் முதலில் காரணத்தைப் பார்ப்போம்.

கோழி கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு

பசு கன்று போட்டால் பிறகும் பால் கொடுக்கிறது. நம் பிள்ளைகள் வயிற்றில் இருக்கும்போது கொப்பூழ்க்கொடி வழியாகத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன. பிறந்த பிறகு தாய்ப்பால் குடிக்கின்றன. கோழிக்கு இந்த வழி கிடையாது. முட்டையை இட்டுவிட்டால் அதற்குப் பிறகு ஒரு பருக்கை உணவைக்கூட அது உள்ளே சேர்க்க முடியாது. அடை கிடக்கும்போது தாய்க்கோழி கொடுப்பது சூடு மட்டும்தான். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் காற்று போய்வரும். உணவு என்று எதுவும் போகாது.

21 நாள் கழித்து ஓட்டைக் கொத்தி உடைத்துக்கொண்டு குஞ்சு வெளியே வருகிறது. அலகு, நகம், தூவி, கண், இதயம், கால் சதை, இரத்தம் எல்லாம் இருக்கிறது. வந்த கொஞ்ச நேரத்தில் ஓடுகிறது. இந்த உடம்பு எதிலிருந்து வந்தது? 21 நாளுக்கு முன்னால் அந்த ஓட்டுக்குள் இருந்த வெள்ளைக் கருவிலிருந்தும் மஞ்சள் கருவிலிருந்தும்தான்.

சதை புரதத்தால் ஆனது. தூவி, அலகு, நகம் எல்லாம் புரதம். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருவதும் ஒரு புரதம். அப்படியானால் ஒரு முழு உடம்பைக் கட்டத் தேவையான புரதத்தைக் கோழி முன்கூட்டியே அளந்து உள்ளே வைத்தாக வேண்டும். குறைந்தால் குஞ்சு இல்லை. முட்டையில் புரதம் நிறைந்திருப்பதற்கு இதுதான் காரணம். அது ஒரு குஞ்சின் 21 நாள் பயணத்துக்குத் தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு.

சேவல் சேராத பண்ணை முட்டையில் குஞ்சு வராதே என்று கேட்பீர்கள். வராது. ஆனாலும் சேவல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கோழி முட்டையைக் கட்டுவதில்லை. இரண்டிலும் கட்டுச்சோறு ஒன்றுதான்.

ஒருநாள் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழ்நாட்டிலிருந்து மலை ஏறி வரும்வரை தீனி இல்லாமல் அவை எப்படி உயிரோடு இருக்கின்றன? பொரிப்பதற்குச் சற்று முன்னால் குஞ்சு மிச்சமுள்ள மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டு நாளுக்கு அது தாங்கும். கட்டுச்சோற்றில் அவ்வளவு கணக்கு இருக்கிறது.

இப்போது அளவுக்கு வருவோம். ஓட்டை நீக்கினால் ஒரு முட்டை ஏறக்குறைய 50 கிராம். அதில் 6 கிராம் புரதம். அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வெள்ளையில் இருக்கிறது, மிச்சம் மஞ்சளில். வெள்ளைக் கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம். மஞ்சள் கருவில் புரதத்தோடு கொழுப்பு, விற்றமின் ஏ, விற்றமின் டி, விற்றமின் பி12 எல்லாம் இருக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை எறிவது நமக்குக் கட்டுப்படியாகாது.

வெள்ளை ஓடா, சிவப்பு ஓடா என்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது. சத்தில் வித்தியாசம் இல்லை. சிவப்பு முட்டைக்குக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஒன்பது பொருளும் வேண்டும்

புரதம் என்பது ஒரே பொருள் மாதிரித் தெரியும். உண்மையில் அது அமினோ அமிலம் என்ற சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்த மாலை. நம் உடம்பு பாவிப்பது 20 வகைத் துண்டுகள். இவற்றில் பலவற்றை உடம்பு தானே செய்துகொள்ளும். 9 வகையைச் செய்ய முடியாது. அவை சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும்.

ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கட்டுவதை நினைத்துப் பாருங்கள். கல், மணல், சீமெந்து, கம்பி, கூரைத் தகரம் எல்லாம் வேண்டும். பத்து மூடை சீமெந்து தேவைப்படும் இடத்தில் ஐந்துதான் வந்தது என்று வையுங்கள். மணல் மலையாகக் குவிந்து கிடந்தாலும் வீடு பாதிச் சுவரோடு நிற்கும். உடம்பும் அப்படித்தான். ஒன்பதில் ஒன்று குறைந்தால் மற்றவை எவ்வளவு இருந்தாலும் வேலை அந்த இடத்தில் நின்றுவிடும். மிஞ்சியதை உடம்பு சேர்த்து வைப்பதும் இல்லை. விறகு மாதிரி எரித்துவிடும்.

நம் காலைச் சாப்பாடு கோதுமை மா ரொட்டி. மாவில் புரதமே இல்லை என்று சொல்வது சரியல்ல. 100 கிராம் மாவில் ஏறக்குறைய 10 கிராம் இருக்கிறது. அந்தப் புரதத்தில் லைசின் என்ற துண்டு, தேவையான அளவில் பாதிதான் இருக்கிறது. அதுதான் நம் சீமெந்து. வெறும் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் வயிற்றை நிரப்பும், சுவரை உயர்த்தாது.

பருப்பில் லைசின் நிறைய உண்டு. அதற்கு மெதியோனின் என்ற வேறு ஒரு துண்டு குறைவு. கோதுமையிலும் அரிசியிலும் அது இருக்கிறது. எனவே ரொட்டியோடு பருப்பு, சோற்றோடு பருப்பு என்று சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும்.

முட்டைக்கு இந்தத் துணை தேவையில்லை. ஒன்பதும் அதிலேயே நல்ல அளவில் இருக்கின்றன. ஒரு குஞ்சை முழுதாகக் கட்ட வைத்த சாமான் என்பதால் எதுவும் குறையவில்லை. ரொட்டியோடு ஒரு முட்டை சேர்ந்தால் ரொட்டியில் வேலையில்லாமல் கிடந்த புரதத்துக்கும் வேலை கிடைக்கிறது.

எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய 42 கிராம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இதோடு நாளுக்கு ஏறக்குறைய 30 கிராம் கூட வேண்டும். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் 19 கிராம் கூட வேண்டும்.

ஒரு முட்டை 6 கிராம்தான். ஒரு முட்டையோடு எல்லாம் முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். சமைக்காத பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. காய்ந்த சோயாமீட்டில் பாதி புரதம். நெத்தலிக் கருவாட்டிலும் ஏறக்குறைய பாதி புரதம்தான். உப்பை மட்டும் நன்றாகக் கழுவிப் போடுங்கள். முட்டை வாங்க முடியாத நாளில் இவை கைகொடுக்கும். கிளினிக்கில் தரும் திரிபோஷாவும் சோளமும் சோயாவும் சேர்ந்தது. அது தாய்க்கும் பிள்ளைக்கும் என்று அளந்து தருவது. வீடு முழுக்கப் பங்கு போட்டால் யாருக்கும் போதாது.

எப்படிச் சமைப்பது?

பிள்ளை வயசுக்கு வந்தால் காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம் வழக்கம். வளரும் பெண்பிள்ளைக்கு முட்டை வேண்டும் என்று நம் பாட்டிமார் எந்தப் புத்தகமும் படிக்காமல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதற்கு அவர்களைக் கும்பிடவேண்டும். ஒரு திருத்தம் மட்டும் தேவை: முட்டையை அவித்துக் கொடுங்கள்.

பச்சை முட்டையில் புரதம் நூலுருண்டை மாதிரிச் சுருண்டு கிடக்கிறது. சூடு பட்டால் அந்த உருண்டை அவிழும். அவிழ்ந்த நூலை வயிற்றுச் சுரப்புகள் இலகுவாக வெட்டும். பெல்ஜியத்தில் செய்து 1998இல் வெளியான ஒரு ஆய்வில், வேகவைத்த முட்டையின் புரதத்தில் 100க்கு ஏறக்குறைய 90 பங்கு செரித்தது. பச்சை முட்டையில் 50 பங்குதான் செரித்தது. பச்சையாகக் குடித்தால் அரை முட்டை வீண். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமி பச்சை முட்டையில் இருக்கக்கூடும் என்பது இன்னொரு ஆபத்து.

நம் மலைக்கு ஒரு விசேஷம் உண்டு. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா உயரத்தில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். தண்ணீர் துள்ளுகிறதே என்று அவசரப்பட்டு இறக்காமல் இரண்டு மூன்று நிமிடம் கூட விடுங்கள்.

குழந்தைகளுக்கு 6 மாதம் முடிந்து வேறு உணவு தொடங்கிய பிறகு, நன்றாக அவித்த மஞ்சள் கருவைக் கொஞ்சமாக மசித்து ஆரம்பிக்கலாம். எப்போது, எவ்வளவு என்று மருத்துவிச்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிட்டதும் உடம்பு தடித்தால், வாய் வீங்கினால், மூச்சு இழுத்தால் உடனே வைத்தியரிடம் போகவேண்டும். நீரிழிவும் இருதய நோயும் உள்ளவர்கள் எத்தனை முட்டை என்பதை வைத்தியரிடம் கேட்டுச் சாப்பிடுவது நல்லது.

இரத்தக் குறைவுக்கு முட்டை மட்டும் மருந்தாகாது. அதிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு அவ்வளவு இலகுவில் எடுக்காது. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடுங்கள். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் தேத்தண்ணி குடிக்காதீர்கள். ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடியுங்கள். நாம் பறிக்கும் கொழுந்துதான், ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் அது நம் இரும்பைப் பறித்துவிடும்.

யார் சாப்பிடுகிறார்கள்?

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். வயசுக்கு வந்த பிள்ளைக்குச் சடங்கு முடியும்வரை தினமும் முட்டை கொடுக்கிறோம். சடங்கு முடிந்த மறுநாள் அது நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளை வளர்வது அன்றோடு நின்றுவிடுகிறதா? அதற்குப் பிறகு வீட்டில் முட்டை பொரித்தால் முதல் பங்கு அப்பாவுக்கு, அடுத்தது அண்ணனுக்கும் தம்பிக்கும். ஒரு முட்டையில் நிறைய வெங்காயம் வெட்டிப் போட்டு ஐந்து பேருக்குப் பொரிக்கும் வீடுகளும் உண்டு. கடைசியில் தாய் சட்டியில் ஒட்டியதை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுகிறாள்.

அதே தாய்தான் விடியற்காலை எழுந்து சமைத்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலைக்கு ஏறி, தலையில் பாரம் தாங்கிக் கொழுந்து பறிக்கிறாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதும் ஏறுகிறாள்.

தீனி குறைந்தால் கோழி என்ன செய்யும் என்று கோழி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். முட்டை குறையும், பிறகு இடுவதையே நிறுத்திவிடும். இல்லாத புரதத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? நம் தாய்க்கு அப்படி நிறுத்திவைக்க முடியாது. சாப்பாட்டில் வராததை அவள் உடம்பு தன் சொந்தச் சதையிலிருந்து எடுத்து வயிற்றுப் பிள்ளைக்குக் கொடுக்கும், தாய்ப்பாலுக்குக் கொடுக்கும். அவள் மெலிவாள். அப்படியும் பிள்ளைக்குப் போதாமல் போகும்.

அண்ணன்மாரே, தலைவர்மாரே, உங்கள் தட்டிலிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. கவ்வாத்து வெட்டுகிறவருக்கும் பலம் வேண்டும். வீட்டில் இருப்பது இரண்டே முட்டை என்றால் வரிசையை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் முதலில். சின்னப் பிள்ளைகள் அடுத்து. வளரும் பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் சம பங்கு. அதற்குப் பிறகு நாம்.

நம் பிள்ளைகளின் உயரம்

2016இல் அரசாங்கம் எடுத்த குடித்தொகை சுகாதார மதிப்பீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அளந்தார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டங்களில் 100க்கு 32 பேர். "நாங்கள் குள்ளமான பரம்பரை" என்று இதைத் தட்டிக்கழிக்க முடியாது. தாயின் எடை, பிள்ளைக்குக் கிடைக்கும் உணவு, குடிதண்ணீர், மலசலகூடம், அடிக்கடி வரும் நோய் எல்லாம் சேர்ந்துதான் இந்த எண்ணிக்கையை உண்டாக்குகின்றன. வகுப்பில் முன்வாங்கில் உட்காரும் அந்தப் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். உயரத்தோடு மூளை வளர்ச்சியும் படிப்பும் போகின்றன.

தென்னமெரிக்காவில் எக்வடோர் என்று ஒரு மலைநாடு இருக்கிறது. அங்கே கொட்டபக்சி என்ற மலை மாகாணத்தில், 6 முதல் 9 மாதக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாதம் நாளுக்கு ஒரு முட்டை கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. முட்டை கிடைத்த குழந்தைகளிடம் உயரக் குறைபாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பிறகு ஆபிரிக்காவின் மலாவியில் ஏரிக்கரைப் பக்கத்தில் இதேபோல் செய்தபோது அந்த அளவு பலன் தெரியவில்லை. அந்த ஊர்க் குழந்தைகள் ஏற்கனவே மீன் சாப்பிட்டு வந்தவர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நல்ல புரதம் கிடைக்காத இடத்தில்தான் முட்டையின் அருமை தெரியும் என்று எண்ணத் தோன்றுகிறது. நம் பிள்ளைகளின் தட்டு எந்த ஊர்த் தட்டு மாதிரி இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

சங்கத்துக்கு இதில் என்ன வேலை?

தொடக்கத்தில் சிரித்தவர்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு முட்டை என்றால் நாளுக்கு ஐந்து, மாதத்துக்கு 150. வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் இன்றைய முட்டை விலையைக் கேளுங்கள். அதை 150ஆல் பெருக்குங்கள். பிறகு உங்கள் சம்பளத் துண்டை எடுத்து, கைக்கு வந்த தொகையில் அது எத்தனை நாள் பேர் என்று கணக்குப் போடுங்கள்.

நம் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் என்றும் 2024இல் 1,350 ரூபாய் என்றும் வர்த்தமானியில் வந்தது. அந்த இடைவெளியில்தான் 2022இல் முட்டைக்கு அரசாங்கம் உச்ச விலை போட்டதும், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ததும் நடந்தன. விலைவாசி நம்மைக் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை. சம்பளமோ ஒவ்வொரு முறையும் நாம் கேட்டுப் போராடித்தான் ஏறியிருக்கிறது. "வாழ்க்கைச் செலவு கூடிவிட்டது" என்று பொதுவாகச் சொன்னால் எதிரே இருப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "ஒரு குடும்பத்துக்கு மாதம் 150 முட்டை, இவ்வளவு பருப்பு, இவ்வளவு பால், இதற்கு இத்தனை ரூபாய்" என்று தாளில் வைத்தால் பதில் சொல்லியாக வேண்டும். அந்தத் தாளை எழுதக்கூடியவர்கள் வீட்டுச் செலவு தெரிந்த நீங்கள்தான்.

மூன்று காரியங்களை இந்தக் கூட்டத்தில் முடிவுசெய்யும்படி கேட்கிறேன்.

முதலாவது, பிள்ளைக் காம்பராவில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் அவித்த முட்டை கிடைக்கவேண்டும் என்று மாதர் பிரிவின் பெயரில் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கேட்போம். வாயால் கேட்டால் மறந்துவிடும். பாடசாலையில் சாப்பாடு கொடுக்கும் நாட்களில் உணவுப் பட்டியலில் உள்ளது தட்டுக்கு வருகிறதா என்று பெற்றோர் போய்ப் பார்க்கவேண்டும். பார்ப்பது உங்கள் உரிமை.

இரண்டாவது, லயத்துக்குப் பின்னால் கோழிக்கூடு வைக்க இடம் கேட்போம். நன்றாக இடும் பண்ணைக் கோழி வருடத்தில் 300 முட்டை வரை இடும். நாட்டுக்கோழி அதைவிட மிகவும் குறைவு, ஆனால் தானே மேயும். இரண்டு பண்ணைக் கோழி இருந்தால் வாரத்தில் பத்து முட்டை எதிர்பார்க்கலாம். மிச்சச் சோற்றை மட்டும் போட்டால் அவ்வளவு வராது. கோழிக்கும் புரதமுள்ள தீனி வேண்டும். நான்கைந்து வீடு சேர்ந்து தீனி மூடை வாங்கினால் செலவு தாங்கும். கூடு வீட்டுச் சுவரோடு ஒட்டாமல், சுத்தமாக இருக்கட்டும். கிடைக்கும் முட்டையை எல்லாம் விற்றுவிடாமல் வீட்டுக்கு எடுத்து வைத்த பிறகு விற்போம்.

மூன்றாவது, நான் சொன்ன செலவுத் தாள். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒருவர், ஒரு மாதத்துக்கான சாப்பாட்டுச் செலவை எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள். பிள்ளைகளுக்கும் அது நல்ல கணக்குப் பாடம். எல்லாத் தாளையும் சேர்த்து மாவட்டக் காரியாலயத்துக்குக் கொடுப்போம். அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகிறவர்கள் கையில் நம் அடுப்படிக் கணக்கு இருக்கட்டும்.

ஒரு உடம்பைக் கட்ட எவ்வளவு வேண்டும் என்று கோழிக்குத் தெரிகிறது; குறையாமல் வைத்துத்தான் ஓட்டை மூடுகிறது. நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு வேண்டும் என்று இப்போது நமக்கும் தெரியும். அதைக் குறையாமல் கேட்போம்.